புதைந்த ஞானப்பல்லை எடுக்கப் போகிறவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகுகள் கரையோரம் கட்டப்பட்ட இரண்டாம் மூன்றாம் நாளே, நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையின் வாசலில் செருப்புகள் பெருகிவிடும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என்று கரையோர ஊர்களிலிருந்து, மாதக்கணக்கில் தாடையைப் பிடித்துக்கொண்டே கடலுக்குப் போய்வந்தவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலருக்குக் கீழ்த்தாடையின் கோடியில் ஒரு ஞானப்பல் மேலே வர வழியில்லாமல் புதைந்து கிடக்கும்.

"அக்கா, வெட்டி எடுப்பார்களா, தட்டி எடுப்பார்களா?" என்று மெல்லக் கேட்பார்கள். லேசரில் எடுத்தால் வலிக்காதாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. முறையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் உங்கள் பல் எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்போம் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். பல் கிடக்கும் கிடையும், அதன் வேருக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பும்தான் எந்த முறை என்பதைத் தீர்மானிக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு போனால் மருத்துவர் சொல்வது விளங்கும். கேட்கவேண்டியதைக் கேட்கவும் துணிவு வரும்.

நான் மருத்துவர் இல்லை. பதினொரு ஆண்டுகளாக அறுவைசிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழாய் பிடிக்கிற உதவியாளர். இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தம்பி, என்னிடம் சொல்லாமல், வேறோர் இடத்தில் கீழ் ஞானப்பல்லை எடுத்துக்கொண்டு வந்தான். மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது அவனுடைய கீழுதட்டின் வலது ஓரத்தில் தேநீர் வழிந்தது. வழிவது அவனுக்குத் தெரியவில்லை. முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றான்.

எடுக்கத்தான் வேண்டுமா?

ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. தாடையில் இடமிருந்தால் நிமிர்ந்து வந்துவிடும். இடமில்லையென்றால் பாதி வந்து நின்றுவிடும், அல்லது எலும்புக்குள்ளேயே கிடக்கும். அப்படிக் கிடப்பதே ஒரு நோய் ஆகிவிடாது. இங்கிலாந்தின் 'நைஸ்' என்னும் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே, எந்தக் கோளாறும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. இளம் வயதில் எலும்பு இளகி இருக்கும், வேரும் முழுதாக வளர்ந்திருக்காது, ஆகவே அப்போதே எடுப்பது எளிது என்று வாதிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. தொந்தரவே இல்லாத பல்லை எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எடுத்தே ஆகவேண்டிய காரணங்கள் சில உண்டு. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கும். அதனடியில் சோற்றுப்பருக்கையும் மீன் துணுக்கும் சிக்கி அழுகி, திரும்பத் திரும்ப வீங்கிச் சீழ் பிடிக்கும். சாய்ந்த ஞானப்பல் தனக்கு முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு நிற்பதால், நல்ல பல்லும் கண்ணுக்குத் தெரியாமல் சொத்தையாகும். சிலருக்குப் பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்து எலும்பை அரிக்கும். இவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வீங்கிச் சிவந்து, வாய் திறக்க முடியாமல் வந்த அன்றே அறுவை செய்யச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. பெரும்பாலும் முதலில் கழுவிச் சுத்தம் செய்து, தேவையானால் மருந்து கொடுத்துத் தொற்றை அடக்கிவிட்டு, பிறகுதான் பல்லைத் தொடுவார்கள். அதற்கிடையில் வலிக்கிற இடத்தில் புகையிலையை அடக்குவது, மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைப்பது, கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து மணிக்கணக்கில் அழுத்திவைப்பது எல்லாம் வேண்டாம். ஈறு வெந்து வெள்ளையாக உரிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல் எப்படிக் கிடக்கிறது?

1926-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜார்ஜ் விண்டர் வகுத்த பிரிவை இன்றும் பெரும்பாலான மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கரையேற்றி வைத்த வத்தைப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்தே நின்று மேலே வராமல் தங்கிவிட்ட பல் ஒருவகை. முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லின் பக்கம் சாய்ந்தது இரண்டாவது வகை. கீழ்த்தாடையில் அதிகம் காணப்படுவது இதுதான். முழுக்கப் படுத்துக் கிடப்பது மூன்றாவது. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையெலும்பின் ஏறுபகுதிக்குள் நுழைந்து கிடப்பது நான்காவது.

எக்ஸ்ரேயைப் பார்க்கிறவர்கள் படுத்துக் கிடக்கும் பல்லைக் கண்டுதான் பயப்படுவார்கள். கீழ்த்தாடையில் உண்மையில் அதிகம் தொல்லை தருவது நான்காவது வகை. நெம்பினால் அது இன்னும் பின்னால்தான் போகும். அங்கே வெளியேற வழி கிடையாது. உங்கள் பல் பின்பக்கம் சாய்ந்தது என்று மருத்துவர் சொன்னால், அனுபவமுள்ள வாய் - தாடை அறுவை நிபுணரிடம் போவது நல்லது.

சாய்வைப் போலவே ஆழமும் முக்கியம். முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லின் தலைக்குச் சமமாக இருக்கிறதா, கழுத்தளவில் இருக்கிறதா, அதற்கும் கீழே இருக்கிறதா, பின்னால் தாடையெலும்பு எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைப் பெல், கிரெகரி என்ற இருவர் 1933-இல் வகைப்படுத்தினார்கள். 'கிளாஸ் டூ, பொசிஷன் பி' என்று மருத்துவர் தாளில் எழுதுவது இதைத்தான்.

எக்ஸ்ரேயை நீங்களும் பாருங்கள்

முழுத்தாடை எக்ஸ்ரேக்கு ஓபிஜி என்று பெயர். நின்றுகொண்டிருந்தால் போதும், கருவி தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் எடுத்துவிடும். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு கால்வாய்போல ஓடுகிறது. படத்தில் அதன் இரு கரைகளும் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருவது அந்த நரம்புதான்.

"டாக்டர், கோடு எங்கே போகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். வேர் அதைக் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு அறுபட்டிருந்தாலோ, வேர் அந்த இடத்தில் கருத்துத் தெரிந்தாலோ, கால்வாயே வளைந்து ஒதுங்கியிருந்தாலோ, வேரும் நரம்பும் ஒட்டிக் கிடக்கின்றன என்று சந்தேகிக்கவேண்டும். அப்போது சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். மதுரை வரை போகவேண்டியிருந்தாலும் போய் எடுங்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை. நரம்பு தள்ளி ஓடுகிறவருக்கு ஓபிஜியே போதும். ஆனால் ஓபிஜிகூட எடுக்காமல் கீழ் ஞானப்பல்லை அறுக்க முன்வருகிறவரிடம் வாயைத் திறக்காதீர்கள். இதை என் தம்பியின் உதட்டை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முறைகள்

பல் ஓரளவு வெளியே வந்து, வேர் நேராக இருந்தால், ஈற்றைக் கீறவே வேண்டியதில்லை. எலிவேட்டர் என்னும் சிறு நெம்புகோலைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் செருகித் திருப்பினால் பல் அசைந்து கொடுக்கும். மேல் ஞானப்பற்கள் பலவும் இப்படியே வந்துவிடும், ஏனென்றால் மேல்தாடையின் எலும்பு மென்மையானது. அங்கே கவனிக்கவேண்டியது வேருக்கு மேலே இருக்கும் காற்றறை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆழப் புதைந்த கீழ்ப்பல்லுக்கு இன்று பெரும்பாலான இடங்களில் செய்வது, பர் என்னும் சுழலும் துளைமுனையால் எலும்பைக் குறைத்து, பல்லைத் துண்டாக்கி எடுக்கும் முறை. சேற்றில் புதைந்த வள்ளத்தை யாரும் நேராகப் பிடித்து இழுப்பதில்லை. முதலில் அதைச் சுற்றி மணலைத் தோண்டுவார்கள். இங்கும் அதேதான். ஈற்றைக் கீறி ஒரு மடலாக விலக்குவார்கள். பல்லின் கன்னப்பக்கத்திலும் பின்பக்கத்திலும் எலும்பில் ஓர் ஓடை தோண்டுவார்கள். அப்போதும் வெளியே வர இடமில்லையென்றால் எலும்பை மேலும் மேலும் வெட்டாமல், பல்லையே வெட்டுவார்கள். முன்சாய்ந்த பல்லை இரண்டாகப் பிளப்பார்கள். படுத்த பல்லுக்குத் தலையை முதலில் அறுத்து எடுத்துவிட்டு, காலியான இடத்துக்கு வேர்களை உருட்டிக் கொண்டுவருவார்கள்.

என் வேலை இந்த இடத்தில்தான். பர் சுழலும்போது எலும்பு சூடாகும். 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு செல்கள் கெடத் தொடங்கும் என்று 1983-இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். அதனால் பர் முனையில் சலைன் என்னும் உப்புநீர் இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கவேண்டும். நான் ஒரு கையில் நீரும் ஒரு கையில் உறிஞ்சுகுழாயுமாக நிற்பேன். பல்லை வெட்டும்போது மருத்துவர் நாக்குப் பக்கம் வரை முழுக்க வெட்டமாட்டார். முக்கால் பாகத்தில் நிறுத்திவிட்டு, அந்த வெட்டில் நெம்புகோலை நுழைத்து ஒரு திருகு திருகுவார். ஏனென்றால் அந்தப் பக்கம் எலும்புச் சுவர் மெல்லியது, அதையொட்டியே நாக்கின் நரம்பு போகிறது. பல் பிளக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் பலர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார்கள். தாடை உடைந்துவிட்டதோ என்ற பயம். உடைந்தது பல்தான். முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால் யாரும் பதறுவதில்லை.

இந்த முறையில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சொத்தை அடைக்கப் பயன்படுத்தும், காற்றால் சுழன்று முன்பக்கம் காற்றை ஊதும் கைக்கருவியா, அறுவைக்கென்றே உள்ள கருவியா? ஈறு திறந்திருக்கும்போது காற்று உள்ளே புகுந்தால் கன்னமும் கழுத்தும் உப்பிவிடும். தொட்டால் நறநறவென்று இருக்கும். அரிதுதான், ஆனாலும் தவிர்க்கக்கூடியது.

இனி உளி. கூரிய உளியை எலும்பில் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பிளக்கும் முறை பழையது. இங்கிலாந்தில் கெல்சி ஃப்ரை உருவாக்கி, டெரன்ஸ் வார்ட் 1956-இல் விளக்கி எழுதிய முறையில், நாக்குப்பக்க எலும்பை ஒரு சில்லாகப் பிளந்து பல்லை அந்தப் பக்கமாக வெளியேற்றுவார்கள். பழகிய கையில் வேகமாக முடியும், எலும்பு சூடாவதில்லை. இளம் வயதினரின் எலும்பு இழைபிடித்துப் பிளக்கும். வயது ஏற ஏற அப்படிப் பிளக்காது. இதன் குறை, நாக்கின் நரம்பு அதே பக்கத்தில் இருப்பது. தற்காலிகமாக நாக்கு மரத்துப்போவதும் சுவை குறைவதும் பர் முறையைவிட இதில் அதிகம். விழித்திருக்கும்போது தாடையில் தட்டுவதும் பெரும்பாலோருக்குத் தாங்காது. ஆகவே பொதுமயக்கம் கொடுத்துச் செய்வதே பொருத்தம். இன்று செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒருவர் இதைத்தான் செய்வேன் என்றால், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

பியசோ என்பது மீயொலி அதிர்வால் எலும்பை அறுக்கும் கருவி. இத்தாலியின் டொமாசோ வெர்செலோட்டி இதைப் பல் அறுவைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அதன் அதிர்வு கடினமான எலும்பைத்தான் அறுக்கும். மெல்லிய தசையும் நரம்பும் பட்டாலும் எளிதில் அறுபடாது. இந்த முறையில் வீக்கமும் வாய் திறக்க முடியாத இறுக்கமும் பர் முறையைவிடக் குறைவு என்று ஒப்பீட்டு ஆய்வுகள் பல காட்டுகின்றன. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், செலவும் கூடும். பல்லைத் துண்டாக்கப் பெரும்பாலும் பர் தேவைப்படும். நரம்பு பக்கத்தில் ஓடுகிறவருக்கு இந்தச் செலவு தகும். நரம்பு தள்ளி இருக்கும் சாதாரண முன்சாய்வுப் பல்லுக்கு, பியசோ இல்லையென்று மனம் வருந்தவேண்டியதில்லை.

லேசரைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: ஈற்றைக் கீற அது உதவும். ஆழப் புதைந்த பல்லை அது தனியாக எடுத்துவிடாது.

கடைசியாகக் கொரோனெக்டமி. இதைக் கேட்டதும் "பாதிப் பல்லை விட்டுவிடுவார்களா?" என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆம், விட்டுவிடுவார்கள், வேண்டுமென்றே. வேர் நரம்போடு பின்னிக் கிடந்தால், பல்லின் தலையை மட்டும் அறுத்து எடுத்து, வேரை எலும்பு மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி தேய்த்து, அசைக்காமல் விட்டு, ஈற்றை மூடித் தைப்பார்கள். 1984-இல் எக்குயே, டெபியன் என்ற இருவர் முன்வைத்த முறை இது. உதட்டு நரம்புக்கு ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அந்த வேர் பிறகு மெல்ல மெல்ல மேலே நகரும். நகர்ந்தால் நரம்பைவிட்டு விலகும் என்பதால் அதுவும் ஒருவகையில் நல்லதே. சிலருக்கு மட்டும் பின்னொரு நாள் அதை எடுக்கவேண்டி வரலாம். வேர்வரை சீழ் பிடித்த பல்லுக்கும், ஆடிக்கொண்டிருக்கும் வேருக்கும் இது ஆகாது. தலையை அறுக்கும்போது வேர் அசைந்துவிட்டால் முழுப்பல்லையும் எடுத்தே ஆகவேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள்.

ஒருமுறை நான் தட்டில் வாங்கி வைத்த வேரின் அடியில், பென்சிலால் அழுத்திக் கோடு போட்டதுபோல ஒரு பள்ளம் இருந்தது. நரம்பு ஓடிய தடம். மருத்துவர் அதைக் கையுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்தப் பல்லுக்குரிய பெண்ணுக்கு உதட்டின் உணர்வு போகாமல் தப்பியது. அன்றிலிருந்து கொரோனெக்டமியைப் பாதி வேலை என்று யார் சொன்னாலும் நான் மறுத்துப் பேசுகிறேன்.

தையலைப் பற்றி ஒரு வரி. இடைவெளி இல்லாமல் இறுக்கித் தைத்தால்தான் நல்ல வேலை என்று நினைக்காதீர்கள். சிறிது திறப்பு விட்டுத் தைத்தால் நீர் வடிந்து வீக்கமும் வலியும் குறையும்.

மருத்துவரிடம் மறைக்கக்கூடாதவை

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல்லைவிட இதயம் பெரிது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்களும் கட்டாயம் சொல்லவேண்டும், சில மருந்துகள் தாடையெலும்பு ஆறுவதைத் தடுக்கும். கருவுற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பாக்கு, புகையிலை போடுகிற பழக்கத்தைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். வருடக்கணக்கில் பாக்கு மென்றால் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி, வாய் திறப்பது குறைந்துவிடும். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் கருவியும் நுழையாது; முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாள் குறிப்பது

நம் கரையில் இதுதான் பாதிச் சிக்கல். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் வடிய. அந்த நாட்களில் கடலில் இருக்கக்கூடாது. விசைப்படகுக்காரர்களுக்கு ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறது. ஆனால் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மே மாத நடுவுக்குள் முடித்தால் தாடையும் உரம் பெற்றுவிடும், வலை இழுக்கும்போது பல்லைக் கடித்துத் தம் பிடிக்கலாம்.

சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும், சங்கு குளிக்கிறவர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்லவேண்டும். பலருக்கு மேல் ஞானப்பல்லின் வேர் மூக்கின் பக்கக் காற்றறையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல்லை எடுத்த குழி ஆறும்முன் மூச்சடக்கி முங்கினால், அழுத்தத்தில் அங்கே திறப்பு விழலாம். குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வருவது அப்படித்தான். குறைந்தது இரண்டு வாரம், திறப்பு விழுந்ததாக மருத்துவர் சொன்னால் அவர் அனுமதிக்கும்வரை, முங்காதீர்கள். மூக்கைப் பலமாகச் சிந்தவும் வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் நோன்பு வைக்கிறவர்கள் ரமலானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது வசதி. மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பாட்டோடு போடவேண்டியிருக்கும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் வந்த முதல் வாரத்தில் செய்துகொள்ளுங்கள், விமானம் ஏறுவதற்கு முந்தின வாரத்தில் அல்ல. இரவில் இரத்தம் கசிந்தால் எங்கே போவது என்றும் யோசியுங்கள். தனுஷ்கோடி ஓரத்திலோ தீவிலோ இருப்பவர், மதுரையில் செய்துகொண்டு அன்றே திரும்புவதைவிட, முதல் இரவு ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

அன்றைய நாள்

மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வதென்றால் பட்டினி கிடக்கவேண்டாம், இலேசாகச் சாப்பிட்டு வாருங்கள். பொதுமயக்கம் என்றால் மட்டும் அவர்கள் சொன்ன நேரத்திலிருந்து பட்டினி. ஊசி போட்ட சில நிமிடங்களில் உதடு தடித்ததுபோல இருக்கும். அழுத்தமும் அசைவும் தெரியும். கூர்மையான வலி தெரியக்கூடாது. தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், இடது கையை உயர்த்துங்கள். கடல் மனிதர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். நாற்காலியின் விளிம்பில் கால்விரல்கள் மடங்குவதைப் பார்த்து நான்தான் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னொரு ஊசி போட்டால் தீர்ந்துபோகிற விஷயம்.

வீட்டில்

பஞ்சை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. முதல் நாள் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், இளநீரைக் குழாய் வைத்து உறிஞ்சாதீர்கள். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் காயத்துக்கு மூடி. உறிஞ்சினாலும் துப்பினாலும் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்தால் மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை தெறிக்கும் வலி தொடங்கும், வாய் நாறும். அதற்கு டிரை சாக்கெட் என்று பெயர். பீடி, சிகரெட் அதற்கு நேர்வழி. வந்துவிட்டால் மாத்திரையை மாற்றி மாற்றிப் போடாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். கழுவி மருந்துத் துணி வைத்த சிறிது நேரத்தில் வலி அடங்கும்.

ஐஸ் நம் ஊரில் தட்டுப்பாடில்லை. மீன் பெட்டி ஐஸ் வேண்டாம். சுத்தமான ஐஸைத் துணியில் சுற்றி, கன்னத்தின் வெளியே இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுங்கள். முதல் நாளுக்கு அது. மறுநாள் முதல் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைக் கரண்டி உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் மெல்ல வாயில் சுழற்றி வழியவிடுங்கள். கடல்நீரும் உப்புதானே என்று அதில் கொப்பளிக்கக்கூடாது.

ஆறவைத்த கஞ்சி, குழைந்த சோறு, நுங்கு, தயிர் நல்லவை. மீன் சாப்பிடலாம், முள் முழுக்க நீக்கி; நெத்திலி வேண்டாம், அதன் நுண்முள் குழிக்குள் போய் நிற்கும். முண்டு மிளகாய்க் குழம்பும் தொதல் என்னும் இனிப்பும் காத்திருக்கட்டும். நண்டு ஓட்டைக் கடிப்பது, கருவாட்டுத் தலையை மெல்வது எல்லாம் ஒரு மாதம் கழித்து. வலி போன பிறகு, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கடினமானதைக் கடித்து, எலும்பு குறைந்த இடத்தில் தாடையே விரிசல் விட்டவர்கள் உண்டு.

தையல் பிரிக்க ஏழாம் நாள் வாருங்கள். அதற்கு முன்பே காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, நாக்குக்கு அடியில் தடித்து எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு சிரமப்பட்டாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உதடோ நாக்கோ மறுநாளும் மரத்திருந்தால்

ஊசியின் மதமதப்பு சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் காலையிலும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும்; நிரந்தரமாக நின்றுவிடுவது அரிது. காத்திருக்கும் காலத்தில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று, பஞ்சுத் திரியால் மோவாயைத் தொட்டுத் தொட்டு, உணர்வு நிற்கும் இடத்தைப் பேனாவால் புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை போதும். புள்ளிகள் சுருங்குகின்றனவா என்பது மருத்துவருக்கு எல்லாவற்றையும்விட உதவும். சுருங்கவில்லையென்றால் நரம்பு நிபுணரிடம் எப்போது அனுப்புவது என்று அவர் முடிவு செய்வார்.

தம்பிக்கு அந்தப் புள்ளிகளை நான்தான் வைத்தேன். முதல் வாரம் உதட்டின் பாதியும் மோவாயின் வலதுபக்கம் முழுவதும் மரத்திருந்தது. நான்காம் மாதம் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவு. இப்போது உதட்டுக்குக் கீழே ஒரு சுண்டுவிரல் நுனி அளவுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சவரம் செய்யும்போது அந்த இடத்தில் மட்டும் கத்தியை நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேலே போகிறான்.